தூத்துக்குடி லைன்

நுஸைபாவுக்கு இன்னும் இரண்டு மாதம் விடுப்பு பாக்கி இருந்தது. இருந்தும் தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அய்யம்பேட்டை கடைத்தெருவுக்கு நடந்து வந்து, கும்பகோணத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறித் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எதுவும் கேட்கவில்லை. அவள் முனை திரும்பிய பிறகு பேசியிருப்பார்கள்.

பேசுவதற்கு விஷயம் இருந்தது. பிள்ளை பெற்றதற்காகக் கொடுத்த விடுப்பு அது. அந்தப் பிள்ளை மார்கழி பிறந்த வாரத்திலேயே மவுத்தாகிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இவள் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பியது அவர்களுக்குப் பிடிபடவில்லை. மாமியார் ஜன்னத் பீவிக்கே பிடிபடவில்லை.

“என்னா புள்ள இது? சம்பளத்தோடதானே லீவு குடுத்திருக்காங்க. ரெண்டு மாசம் பொறுத்துப் போனா என்ன?”

“வீட்டுல இருக்க முடியல மாமி.”

“நான் இல்லையா வீட்டுல?”

ஜன்னத் பீவி கெட்டவள் இல்லை. பிள்ளையை அடக்கிவிட்டு ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்புவதற்குள் தூளியை அவிழ்த்து மடித்துப் பரணில் போட்டவள் அவள்தான். மறுநாள் சட்டைகளையும் பால் புட்டியையும் கிலுகிலுப்பையையும் மூட்டையாகக் கட்டி யாருக்கோ கொடுத்தனுப்பினாள். மருமகள் கண்ணில் படக் கூடாது என்கிற பரிவுதான். அதே பரிவில் அந்தப் பெயரையும் வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். அஃப்ரீன் என்று ஒரு பிள்ளை அந்த வீட்டில் இரண்டரை மாதம் இருந்தது என்பதற்கு, சட்டைக்குள் கசிகிற பாலைத் தவிர நுஸைபாவிடம் எந்தச் சாட்சியும் மிஞ்சவில்லை. அதுவும் வற்றிக்கொண்டு வந்தது.

நுஸைபா வேலை பார்த்தது ஒரு அரிசி ஏற்றுமதி நிறுவனத்தில். சுற்று வட்டார நெல்லை வாங்கி அவித்து அரைத்து, புழுங்கல் அரிசியாக மூட்டை பிடித்துக் கன்டெய்னரில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் கப்பலேறும். ஆலை வல்லம் பக்கம் இருந்தது. ஆபீஸ் தஞ்சாவூருக்குள், ஒரு மாடிக் கட்டடத்தில். அரிசிக்கு உண்டான காகிதங்களைத் தயார் செய்வது நுஸைபாவின் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். மூட்டையில் அச்சடித்த பெயரும் காகிதத்தில் இருக்கிற பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் சரக்கு வாங்குகிறவரின் வங்கி திருப்பி அனுப்பிவிடும். சரக்கு துறைமுகத்தில் வெயில் காயும். கப்பலுக்குக் கணக்கு மூடுகிற நேரம் என்று ஒன்று உண்டு. அதற்குள் எல்லாம் போய்ச் சேரவேண்டும். அறுவடைக் காலத்தில் மதியச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே போன் பேசுவாள். கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தவள். அந்த ஓட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது. சித்தீக் பெண் பார்க்க வந்தபோது, “வேலைக்குப் போவேன், நிறுத்தச் சொல்லக் கூடாது” என்று அவளே சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, “நான் குவைத்துல மளிகைக் கடையிலதான் நிக்கிறேன். நீங்க அனுப்புற அரிசிய நான் விக்கிறேன், போதுமா?” என்றான். கல்யாணமாகிக் குவைத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள், கடை அடுக்கில் இருந்த அவளுடைய நிறுவனத்து மூட்டைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினான்.

அஃப்ரீன் புரட்டாசியில் பிறந்தாள். இருதயத்தில் ஓட்டை இருக்கிறது, எடை ஏறட்டும், ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். பயப்பட வேண்டாம், நிறையக் குழந்தைகளுக்கு இருப்பதுதான் என்றார். சித்தீக் நோன்புக்கு வருவதாக இருந்தான். தினமும் வீடியோவில் மகளைப் பார்த்தான். கார்த்திகை முழுக்க அடைமழை. சளி பிடித்தது, மூச்சு இழுத்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் விடிகாலையில் முடிந்துவிட்டது. அன்றே சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால் அடக்கிவிட்டார்கள். சித்தீக் டிக்கெட் கிடைத்து வந்து இறங்கியபோது மையவாடியில் ஈர மண் மேடுதான் இருந்தது. தன் மகளை அவன் ஒரு தடவைகூடக் கையில் தூக்கியதில்லை. பத்து நாள் இருந்தான். ஒரு பேச்சும் பேசாமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

ஆபீசில் அந்தத் திங்கட்கிழமை அவளுடைய நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். மேனேஜர் ராஜராஜன் அவள் இடத்துக்கே எழுந்து வந்தார். முதலாளியின் தங்கை மகன். நாற்பதை நெருங்குகிறவர்.

“வாங்க நுஸைபா. அவசரப்பட்டு வந்திருக்க வேணாம்…” என்று ஆரம்பித்து, மேசை மேலிருந்த பென்சிலை நேராக வைத்தார். “வந்ததும் ஒரு விதத்துல நல்லதுதான். மனசு மாறும். இங்கயும் சீசன், ஒண்ணும் ஓடல.”

அவ்வளவுதான். இரங்கலை எல்லோரும் மார்கழியிலேயே வாட்ஸப்பில் எழுதி முடித்துவிட்டார்கள். நேரில் மறுபடி சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளைக் கண்டதும் சட்டென்று கத்திரிக்காய்க் கூட்டுக்குத் தாவினார்கள். பக்கத்து மேசை ஷோபனா, இவள் விடுப்பில் இருந்த நாட்களில் இவளுடைய வேலையைப் பார்த்த சின்னப் பெண், வைத்த கண் எடுக்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி வாக்கில் தூத்துக்குடியிலிருந்து நல்லக்கண்ணு பேசினார். துறைமுகத்தில் இவர்களுடைய சரக்கைக் கப்பலேற்றிவிடுகிற ஏஜென்ட் அவர். நுஸைபா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினம் நாலு தடவையாவது பேசியிருப்பார். முகத்தை அவள் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம்.

“யாரு, நுஸைபாம்மாவா? எப்பம்மா வந்தீய? இத்தன மாசமா அந்தப் புதுப் பிள்ளகிட்ட கெடந்து மாரடிச்சு எனக்கு ரத்தக் கொதிப்பே வந்துட்டு.”

“இன்னைக்குத்தான் அண்ணாச்சி.”

“என்ன பிள்ளம்மா? இங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல பாத்துக்கிடுங்க.”

“பொம்பளப் புள்ள அண்ணாச்சி.”

“மகாலெச்சுமில்லா! நல்லா இருக்காளா?”

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். இல்லை அண்ணாச்சி, தவறிப்போச்சு என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பெருமூச்சு, அடடா என்று ஒரு சத்தம், கடவுள் பேரில் இரண்டு வார்த்தை. நாளையிலிருந்து அவரும் கன்டெய்னர் நம்பரை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார்.

“நல்லா இருக்கா அண்ணாச்சி.”

“பேரு?”

“அஃப்ரீன்.”

“அப்ரினாவா?”

“அஃப்ரீன், அண்ணாச்சி. அஃப்ரீன்.”

இரண்டு தடவை சொல்லிவிட்டாள். வீட்டில் ஒரு மாதத்துக்கு மேலாக யார் வாயிலும் வராத பெயர். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகையில், பல நாட்களுக்குப் பிறகு பசித்தது.

மறுநாளே உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். மறுநாள் கப்பலுக்குக் கணக்கு மூடுகிற அவசரம். அடுத்த நாள் நல்லக்கண்ணு முந்திக்கொண்டு, “அப்ரினா ராத்திரி உறங்குதாளா? என் மூத்த பேத்தி உறங்கவே மாட்டா” என்றார். “உறங்குறா அண்ணாச்சி” என்றாள். அதற்குப் பிறகு திருத்துவதற்கு வழி இல்லை. உண்மையில், வழி தேடவும் அவள் மெனக்கெடவில்லை.

மாசியில் அஃப்ரீன் குப்புற விழுந்தாள். பங்குனியில் எச்சில் ஒழுகக் கையைச் சப்பிக்கொண்டிருந்தாள், பல் முளைக்கப் போகிறது என்று நல்லக்கண்ணு சொன்னார். சித்திரையில் தலையணை சாய்த்து உட்காரவைத்தார்கள். எல்லாம் இரண்டு வரிதான். சரக்கு விவரம் பேசி முடித்து, வைக்கிறேன் என்று சொல்வதற்கு முன்னால் வருகிற இரண்டு வரி. நுஸைபா அதற்காகப் பெரிதாக எதையும் ஜோடிக்கவில்லை. இந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யுமோ அதைச் சொன்னாள். இருந்திருந்தால் செய்திருக்கக் கூடியதைத்தானே சொல்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சில நாள் அது பொய் மாதிரியே இருக்காது. சில நாள் போனை வைத்த பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள்.

வேலை ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போனது. சம்பா நெல் வந்து குவிகிற நேரம். ஆலை இரவு பகலாக ஓடியது. விடுப்புக்குப் போவதற்கு முன் அவளும் மற்றவர்களும் முறை வைத்து இருட்டும்வரை இருப்பார்கள். இப்போது முறை என்பதே இல்லாமல் போயிற்று. ஆளாளுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக்குப் பரீட்சை என்று கிளம்பினார்கள். ராஜராஜன் ஒரு நாள் இரண்டு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

“இதையும் நீங்களே பாத்துருங்க நுஸைபா. மத்தவங்களுக்கெல்லாம் வீட்டுல… உங்களுக்குத்தான்…”

வாக்கியம் அங்கேயே நின்றது. அவர் முகம் சிவந்துவிட்டது. மேசை மேல் நேராக்குவதற்குப் பென்சில்கூட இல்லை.

“குடுங்க சார்” என்று வாங்கிக்கொண்டாள். உங்களுக்குத்தான் சீக்கிரம் போக வேண்டிய அவசியம் இல்லையே என்று அவர் முழுதாகச் சொல்லியிருந்தாலும் அவளால் மறுத்திருக்க முடியாது. அவசியம் இல்லைதான். வீட்டுக்குப் போனால் ஜன்னத் பீவி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைப்பாள். சித்தீக் போன் செய்வான்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீங்க?”

“ம். வேலை எப்படி?”

“போவுது மச்சான்.”

குவைத்தில் அவன் அறையில் ஓடுகிற ஏசியின் உறுமல் கேட்கும். பிறகு அவன் வைத்துவிடுவான். மகளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். பேசினால் இவள் உடைந்துவிடுவாள் என்று அவன் நினைத்தானோ, அவனே உடைந்துவிடுவான் என்று பயந்தானோ, அவளுக்குத் தெரியாது. அவளும் கேட்கவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதரிடம் தினம் பேசுகிறதைப் பெற்ற தகப்பனிடம் பேச முடியவில்லையே என்று அவளுக்கு உறுத்தும்.

வைகாசியில் ஒரு நாள் நல்லக்கண்ணு, “தாயி, அடுத்த வாரம் உங்க ஊருப் பக்கம் வாரேன்” என்றார். “திருவிடைமருதூர்ல எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். அப்படியே ஆபீசுக்கு வந்து எல்லாரையும் பாத்துட்டு, அப்ரினாவையும் பாத்துட்டுத்தான் போவேன். அய்யம்பேட்டை வழியாத்தானே போவணும்?”

“புள்ள இங்க இல்ல அண்ணாச்சி. எங்கம்மா வீட்டுக்குக் கொண்டு போயிருக்காங்க.”

“எங்க?”

“ராஜகிரி.”

“அதுவும் அந்த வழிதானம்மா!” என்று சிரித்தார்.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அவர் வருகிற நாளில் லீவு போட்டுவிடலாம் என்று நினைத்தாள். மலேசியாவுக்குப் போகிற சரக்குக்கு அன்றுதான் கடைசி நாள். ராஜராஜன் லீவு தரவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெள்ளை வேட்டி சட்டையில் குள்ளமாக ஒருவர் படியேறி வந்து நின்றார். கையில் ஒரு துணிப் பையும் மக்ரூன் இனிப்புப் பெட்டி இரண்டும். குரல் கனமாக இருந்ததால் ஆள் ஓங்குதாங்காக இருப்பார் என்று நினைத்திருந்தாள். “நுஸைபாம்மா யாரு?” என்று கேட்டதும்தான் அடையாளம் தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள்.

“அட, நான் பெரிய மேடம்னு நெனச்சேன். சின்னப் பிள்ளையா இருக்கீயளே!” முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. பெட்டிகளை மேசையில் வைத்தார். துணிப் பைக்குள் கையை விட்டு, கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு சின்னக் கவுனை எடுத்தார். மஞ்சள் நிறம், கழுத்தைச் சுற்றி லேஸ். “எங்க வீட்டுல எடுத்தா. எட்டு மாசப் பிள்ளைக்கு இந்த அளவு சரியா இருக்கும்னா. அப்ரினாவுக்கு.”

ஆபீசே திரும்பிப் பார்த்தது. அடுத்த அறையிலிருந்து ராஜராஜன் வெளியே வந்தார். கவுனைப் பார்த்தார், நுஸைபாவைப் பார்த்தார். அவருக்கு ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. பெரியவரை அந்தச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அவர் தோளைத் தொட்டு, தணிந்த குரலில்தான் சொன்னார்.

“சார், உங்களுக்குத் தகவல் வரலை போல இருக்கு. அந்தக் குழந்தை டிசம்பர்லயே தவறிடுச்சு.”

“எந்தக் கொழந்த?” என்றார் நல்லக்கண்ணு. பிறகு நுஸைபா பக்கம் திரும்பினார். “முந்தாநாத்துதானம்மா சொன்னீய, தவழுதான்னு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. மின்விசிறிக் காற்றில் கண்ணாடித்தாள் சரசரத்தது. நல்லக்கண்ணு கவுனைப் பையில் திரும்ப வைக்கப் போனார். வைப்பதா, கொடுப்பதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா, துக்கமா, தன்னை முட்டாளாக்கிவிட்டாள் என்கிற அவமானமா, எல்லாம் கலந்ததா என்று சொல்ல முடியவில்லை.

“வாரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். ராஜராஜன் பின்னாலேயே ஓடினார். கவுன் மேசை மேல் கிடந்தது. கடைசியில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

அன்று மலேசியாக் காகிதங்களை நுஸைபா பிழையில்லாமல் முடித்துக் கொடுத்தாள். மறுநாள் ராஜராஜன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“நான் தப்பா நினைக்கல நுஸைபா. எங்க அக்காவுக்கே இப்படி ஒண்ணு நடந்திருக்கு. ஆனா வெளி ஆளுங்ககிட்ட பேசுற இடம் இது. யாராவது நல்ல டாக்டரா பாருங்க. கொஞ்ச நாளைக்கு போன் வேலை வேணாம். ஸ்டோர் கணக்கப் பாருங்க, சாக்கு, நூல் இதெல்லாம். தூத்துக்குடிய ஷோபனா பாக்கட்டும்.”

“நான் காகிதத்துல எங்கயாவது தப்பு விட்டிருக்கேனா சார்?”

“இல்ல. அதுக்கில்ல.”

“சரி சார்.”

அவள் மேசையைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். வெற்றுச் சாக்குகளின் நெடி வீசுகிற அறை. ஆபீசில் அவளிடம் பேசுகிற குரலே மாறிவிட்டது. ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாகப் பேசினார்கள். தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார்கள். அந்த அன்பு அவளுக்கு மூச்சு முட்டியது.

ஷோபனா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஒரு மதியம் பின்கட்டுக்கு வந்து, கட்டிவைத்திருந்த சாக்கு மேல் கவனமாக உட்கார்ந்தாள்.

“அக்கா, எனக்கு மொதல்லயே தெரியும்க்கா. நீங்க அவர்கிட்ட பேசுறதெல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்.”

“ஏன் யார்ட்டயும் சொல்லல?”

“சொல்லத் தோணல. நீங்க சொல்றப்ப சந்தோஷமா இருக்கும். கவுந்துட்டா, உக்காந்துட்டான்னு. நமக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்குவேன்.” கொஞ்சம் தயங்கினாள். “பெறகு பயமா ஆயிடுச்சு. எங்கம்மாட்ட சொன்னேன். அது, அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காராத, எடத்த மாத்திக்கன்னு சொல்லுச்சு. நான் மாத்தலக்கா.”

“மாத்தியிருக்கலாம். தப்பில்ல” என்றாள் நுஸைபா.

“வளைகாப்புக்கு…” என்று ஷோபனா இழுத்தாள்.

“கூப்பிட வேணாம் ஷோபனா. நான் சங்கடப்பட மாட்டேன்.”

சங்கடப்பட்டாள். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசிலிருந்து எல்லோரும் வேன் வைத்து ஷோபனாவின் வளைகாப்புக்குப் பூதலூர் போய் வந்தார்கள். திங்கட்கிழமை பெண்களின் கைகளில் கண்ணாடி வளையல் குலுங்கியது. அவளைக் கண்டால் முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டார்கள்.

ஆடி பிறந்ததும் ஷோபனா விடுப்பில் போனாள். தூத்துக்குடி வேலைக்கு வேறு ஆள் இல்லை. ராஜராஜன் டாக்டரைப் பற்றிக் கேட்கவில்லை. “பழையபடி முன்னாடி வந்து உக்காந்துக்குங்க” என்று மட்டும் சொன்னார். பழைய மேசை, பழைய போன். எடுத்தால் அந்தப் பக்கம் நல்லக்கண்ணுவின் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் பேசினான். பெரியவர் துறைமுகத்தில் இருக்கிறார் என்றான். எப்போது கேட்டாலும் துறைமுகத்தில்தான் இருந்தார். ஒரே ஒரு நாள் அவரே எடுத்துவிட்டார்.

“அண்ணாச்சி, நான் நுஸைபா. அன்னைக்கு…”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி” என்று அவசரமாகக் குறுக்கிட்டார். தொண்டையைச் செருமினார். “கன்டெய்னர் நம்பரச் சொல்லுங்க.”

சொன்னாள். எழுதிக்கொண்டார். வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, டீ நேரத்தில் சித்தீக் கூப்பிட்டான். அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து அறைக்குத் திரும்பியிருந்தான். நுஸைபா மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்றுகொண்டாள்.

“சாப்பிட்டியா?”

அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தூத்துக்குடியைப் பற்றி, பொய்யைப் பற்றி, கவுனைப் பற்றி, சாக்கு அறையைப் பற்றி. அவன் குறுக்கே பேசவில்லை. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. திட்டப் போகிறான் என்று காத்திருந்தாள்.

“அவர்ட்ட என்னான்னு சொன்ன?”

“சும்மா… கவுந்துட்டான்னு.”

“எப்ப கவுந்தா?”

“மாசில.”

“எந்தப் பக்கமா?”

நுஸைபா சுவரில் சாய்ந்துகொண்டாள். “வலது பக்கமா மச்சான்.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அவன் அழுது அவள் கேட்டதில்லை. மையவாடியிலிருந்து திரும்பி வந்தபோதுகூட அழவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

“கேக்க பயமா இருந்துச்சு புள்ள” என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “இனிமே எங்கிட்ட சொல்லு. இப்ப என்ன பண்றா? பத்து மாசம் ஆச்சுல்ல? சொல்லு.”

அவள் யோசித்தாள். பத்து மாதப் பிள்ளை எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. நல்லக்கண்ணு நம்பினார். நம்புகிறவரிடம் அந்தப் பிள்ளை வளர்ந்தது. அந்த ஈர மண்ணைக் கையால் தொட்டுவிட்டு வந்தவனிடம் அது வளர மறுத்தது.

“முடியல மச்சான்” என்றாள். “உங்ககிட்ட பொய் சொல்ல முடியல.”

அவன் கேட்டான். “அப்ப ஆஸ்பத்திரியில நடந்ததச் சொல்லு. யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அம்மாவக் கேட்டா அழுவுது.”

நுஸைபா படியில் உட்கார்ந்தாள். மழையில் ஆட்டோ கிடைக்காமல் நின்றதைச் சொன்னாள். மூக்கில் குழாய் வைத்ததைச் சொன்னாள். கடைசி ராத்திரி மூச்சு எப்படி இழுத்தது என்று சொன்னாள்.

“பால் குடிச்சாளா?”

“மொத நாள் குடிச்சா. பெறகு குடிக்க முடியல. நாக்குல ஒரு சொட்டு வெச்சேன், அதச் சப்புனா.”

“கண்ணத் தொறந்து பாத்தாளா?”

“பாத்தா. நேரா பாக்கல. லைட்டப் பாத்துக்கிட்டே இருந்தா.”

மேலேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்பட்டக் குறுவை நெல் வரத் தொடங்கியிருந்தது. சிங்கப்பூர் சரக்குக்கு இன்றைக்குள் காகிதம் போகவேண்டும். நுஸைபா போனை மூடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விடிகாலை பஜ்ர் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் நர்ஸ் வந்து தன் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டதைச் சொல்லத் தொடங்கினாள்.